யாழ்ப்பாணத்தில் ஒரு தனியாளைத் தேடி

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தனியாள். வயதானவராக இருக்க வேண்டும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வேண்டும், வீட்டில் வேறு ஆள் இருக்கக் கூடாது. அவர் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அதை வேறு எந்தக் காதும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். இதற்குப் போய்க் கடல் தாண்ட வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நம்ம தெருவுலயே நாலு பேர் இருக்காங்களேடி" என்றார். தெருவில் இருக்கிற நாலு பேரையும் நான் ஏற்கெனவே முடித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய பெரியம்மாவும் அதில் ஒருவர்.

சமூகப்பணியில் முனைவர் பட்டத்துக்கு நான் பதிவு செய்தபோது என் மகள் இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். நான் மட்டும் அதே தலைப்போடு நிற்கிறேன். எங்கள் கைடுக்கு அப்போது தலை கருப்பு, நடுவில் நரைத்தது, இப்போது மறுபடியும் கருப்பு. என் ஆய்வு அத்தனையையும் பார்த்துவிட்டது.

பிள்ளைகள் வெளிநாடு போனபின் ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் பற்றியது என் ஆய்வு. நெல்லைப் பக்கம் ஒரு பாதி, யாழ்ப்பாணம் ஒரு பாதி. யாழ்ப்பாணப் பாதியைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்தபடியே போனில் பேசி முடித்து, சாமர்த்தியமாகக் கொண்டுபோய்க் கைடு மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது பெத்தவங்க பேசினது இல்லம்மா. புள்ளைங்க பேசினது. ஒவ்வொரு போன்லயும் மகனோ மகளோ லைன்ல உக்காந்திருக்காங்க. புள்ளை கேட்டுக்கிட்டிருந்தா எந்தத் தாய் உண்மையச் சொல்லுவா? நேர்ல போங்க. ஒண்ணே ஒண்ணாவது சுத்தமா கொண்டு வாங்க, மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்றார்.

பல்கலைக்கழகம் கொடுத்தது கடைசி நீட்டிப்பு. நான் போட்டிருந்த லீவு முடிவதற்குள் அந்த ஒன்று கிடைக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் கல்லூரியில் என் நாற்காலியில் என் மாணவியே உட்காருவாள். அவள் முடித்துவிட்டாள், கெட்டிக்காரி.

*

யாழ்ப்பாணத்தில், அரியாலைப் பக்கம், நான் தங்கியது ஓட்டோ ஓட்டும் தயா அண்ணை வீட்டில். மேல்மாடியில் ஓர் அறை. அவர் மனைவி ராணி அக்கா முதல்நாள் காலையிலேயே சிவப்பு இடியப்பத்தை மலைபோல் குவித்து, சம்பலும் சொதியும் கொண்டு வைத்தார். சொதி என்றால் நாங்கள் கொஞ்சம் கர்வப்படுகிற ஆட்கள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்துச் சாப்பாடு அது, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், பாசிப்பருப்பு என்று அதற்கு ஒரு பரிவாரமே உண்டு. இங்கே அது வெங்காயமும் பச்சைமிளகாயும் மிதக்க, தண்ணீர்போல, தினமும் காலையில் வருகிறது. எங்கள் ஊரில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருகிறவள் இங்கே வீட்டுச்சேலையில் வந்து நிற்கிறாள். இதை நான் ராணி அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப எங்கடை சொதி நல்லா இல்லையோ?" என்றார்.

"ஐயோ, பிரமாதம் அக்கா" என்றேன்.

"அப்ப இன்னும் நாலு போடுறன்" என்று இடியப்பத்தை அள்ளிப் போட்டார். அன்று மதியம்வரை என்னால் குனிய முடியவில்லை.

தயா அண்ணையே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்களைக் காட்டுவதாக ஏற்பாடு. நல்ல மனிதர். ஆனால் எந்த வீட்டு வாசலிலும் என்னை வாய் திறக்க விடமாட்டார். நான் யார், எதற்கு வந்தேன் என்பதை அவரே சொல்லிவிடுவார், ஒவ்வொரு வீட்டிலும் சற்றுத் திருத்தி.

முதலில் பார்த்தது அதே தெருவில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரை. மனைவி காலமாகி, தனியாக இருக்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மேசையில் தண்ணீர்ச் செம்பு. செம்பில் சாய்த்து வைத்த போனில் மெல்போர்னிலிருந்து அவர் மகள்.

"ஐயா, போனைக் கொஞ்சம் வைச்சிரலாமா? நாம தனியா பேசணும்" என்றேன்.

"வைக்கத் தேவையில்லை. அவ எங்கடை ஆள்தானே" என்றார் அவர்.

சரி, பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். "தனியா இருக்கிறது கஷ்டமா இருக்கா ஐயா?"

"இல்லை. அப்பா சந்தோசமா இருக்கிறார்" என்றது போன்.

ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "ஓம். நான் சந்தோசமா இருக்கிறன். பிள்ளை சொல்லுது."

"தூக்கம் எப்படி?"

"எட்டு மணித்தியாலம் படுக்கிறார்" என்றது போன். "அப்பா, நீங்கள் இண்டைக்குக் குளிசை போட்டனீங்களே?"

ஐயாவின் முகம் மாறியது. போட்டிருக்கவில்லை. அதன்பிறகு நேர்காணல் மாத்திரைகளைப் பற்றியதாகிவிட்டது. ஒவ்வொரு அட்டையாகப் போனுக்குக் காட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, நான் போய் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு எழுந்தேன்.

*

அடுத்த நாள் மருதனார்மடம். சந்தியில் சந்தை நெரிசல். வெங்காயமும் வாழைக்குலையும் சைக்கிளில் போகிற விதத்தைப் பார்த்தால் சைக்கிளுக்காகப் பரிதாபப்பட வேண்டும். உயரமாக நிற்கிற ஆஞ்சநேயரைப் பார்த்து, சாமி, ஒரு தனியாளைக் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். அவர் பிரம்மச்சாரி, என் கஷ்டம் புரியும்.

உள்ளே, இவர்கள் ஒழுங்கை என்கிற செம்மண் சந்தில், புகையிலைத் தோட்டத்துக்கு அடுத்ததாகப் புதுவீடு. நாகம்மா என்கிற அம்மா வாசலிலேயே நின்றார். சரிகைச் சேலை, தலையில் பூ. உள்ளே பயத்தம் பணியாரம், வெண்ணெய்க் கேக், கதலி வாழைப்பழம், எல்லாம் தட்டில், பக்கத்தில் ஆவி பறக்கத் தேநீர். அடடா, ஆராய்ச்சிக்கு இந்த ஊரில் எவ்வளவு மரியாதை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் வேறு ஆளும் இல்லை. போன்கூடக் கண்ணில் படவில்லை. தயா அண்ணையை வெளியே ஓட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஆசையாகக் கேள்வித்தாளை எடுத்தேன்.

"புள்ளைங்க எத்தனை பேர்மா?"

"ஒரு பெடியன்தான்."

"எங்க இருக்கார்?"

"சுவிஸிலை. விசா எல்லாம் சரி. நிரந்தர வேலை."

"கல்யாணம் ஆயிட்டுதா?"

அம்மாவின் முகத்தில் லைட் போட்ட மாதிரி இருந்தது. "அதுதானே பிள்ளை, இன்னும் சரிவரேல்லை. ஆனால் அவனுக்குச் செவ்வாய் ஒண்டும் இல்லை."

கேட்காத தகவலையும் தருகிறாரே என்று அதையும் எழுதிக்கொண்டேன். "இந்த வீடு சொந்த வீடா?"

"சொந்தம். பக்கத்துத் தோட்டக் காணியும் எங்கடைதான். நாங்கள் சீதனம் ஒண்டும் எதிர்பாக்கேல்லை."

"உடம்புக்கு ஏதாவது நோய் நொடி?"

"ஐயோ, எங்கடை பரம்பரையிலையே ஒண்டும் இல்லை."

எழுதுகிற கை நின்றது. கேள்வித்தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். பிள்ளைகள் எத்தனை, எந்த நாடு, என்ன வேலை, கல்யாணம் ஆனதா, வீடு சொந்தமா, நோய் உண்டா. பல்கலைக்கழகக் குழு ஒன்று மாதக்கணக்கில் உட்கார்ந்து அங்கீகரித்த அந்தத் தாள், அப்படியே ஒரு கல்யாணத் தரகரின் தாள். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நாகம்மா அதற்குள் எழுந்துபோய், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சாதகக் குறிப்பையும் மகனின் போட்டோவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"அம்மா, நீங்க தப்பா..." என்று நான் ஆரம்பிக்கும்போது, கூரை மூலையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"அம்மா, பொம்பிளை என்ன படிச்சிருக்கிறாவாம்?"

நான் துள்ளியதில் தேநீர் சேலையில் கொட்டியது. அண்ணாந்து பார்த்தால், சுவரும் கூரையும் சேருமிடத்தில் முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கேமரா, நீல விளக்கு எரிய என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"தம்பி, நான் தரகர் இல்லப்பா" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். "ஆராய்ச்சி பண்றேன்."

"ஆராய்ச்சியோ? என்னைப் பற்றியோ?" என்றது கூரை.

"இல்லப்பா. உங்க அம்மா தனியா இருக்கிறதைப் பத்தி."

அதற்குப் பதில் சொன்னது நாகம்மா, என்னிடமல்ல, கூரையிடம். "கேட்டியோ? ஊர் உலகமெல்லாம் ஆராய்ச்சிக்கு வருகுது. நீ ஒரு கலியாணத்தைக் கட்டினால் எனக்கு ஏன் தனிமை?" அதற்குக் கூரை ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, சுவிஸுக்கும் மருதனார்மடத்துக்கும் என் தலைக்கு மேலே சண்டை நடந்தது. நான் பயத்தம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அபாரமான பணியாரம்.

புறப்படும்போது சாதகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். "எதுக்கும் கொண்டு போங்கோ பிள்ளை. இந்தியாவிலையும் நல்ல குடும்பங்கள் இருக்கும்தானே" என்றார்.

"என்னைப் பத்தி என்ன சொல்லித் தொலைச்சீங்க, அண்ணாச்சி?" என்று ஓட்டோவில் ஏறியதும் தயா அண்ணையைப் பிடித்தேன்.

"நான் ஒண்டும் பொய் சொல்லேல்லை ரீச்சர். இந்தியாவிலை இருந்து ஒரு அம்மா வந்திருக்கிறா, வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளைப் பற்றி விசாரிக்கிறா எண்டுதான் சொன்னனான்."

"அந்தக் கேமராவைப் பத்தி முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"உது இப்ப எல்லா வீட்டிலையும் இருக்குத்தானே. கள்ளருக்கெண்டு பூட்டினது. கள்ளன் வாறேல்லை, மகன்தான் வாறான்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

எல்லா வீட்டிலும் இருந்தது. அதற்கடுத்து நான் ஏறி இறங்கிய வாசல்களில் எல்லாம் அந்த நீலக் கண் இருந்தது. ஒரு வீட்டில் அது என்னை நலம் விசாரித்தது. இன்னொரு வீட்டில், "அக்கா, கதிரையைக் கொஞ்சம் இங்காலை இழுத்து இருங்கோ, முகம் வடிவாத் தெரியேல்லை" என்றது. கேமராவைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாமா என்று ஒரு வீட்டில் கேட்டதற்கு, அந்த அம்மா என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வாசல்வரை கூடவே வந்தார். லீவு கரைந்துகொண்டிருந்தது. கைடு வாட்ஸப்பில் "ஒன்றாவது?" என்று அனுப்பினார். நான் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவைத்தேன்.

*

என் முகத்தைப் பார்த்து ராணி அக்காதான் இரக்கப்பட்டார். "பருத்தித்துறையிலை என்ரை ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறா. பாக்கியம். புருசன் முந்திக் கடலுக்குப் போட் விட்டவர், இப்ப இல்லை. ஒரே மகன், லண்டனிலை. அவவிட்டைப் போங்கோ. அவவுக்கு நல்ல வாய், எல்லாம் கதைப்பா" என்றார். பெயரை மட்டும் நான் இங்கே மாற்றியிருக்கிறேன்.

அன்று ஞாயிறு. தயா அண்ணைக்குக் கல்யாண ஓட்டம் இருந்தது. நான் பஸ்ஸில் போனேன். ஒரு வகையில் நிம்மதி, என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்த் தனியார் பஸ்ஸைப் பற்றிக் குறைசொல்கிறவர்களை ஒருமுறை இந்த மினிபஸ்ஸில் ஏற்ற வேண்டும். பின்னால் அரசாங்க பஸ் வருகிறது என்று தெரிந்தால் பறக்கிறது, வரவில்லை என்று தெரிந்தால் மாட்டுவண்டியாகிவிடுகிறது. கண்டக்டர், "உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை இடம் இருக்கு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தார். இல்லாத இடத்தை அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை. என் காலடியில் ஒரு மூட்டை மாம்பழம், தலைக்கு மேல் முழுச் சத்தத்தில் எங்கள் ஊர் சினிமாப் பாட்டு.

வல்லை வெளியில் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் வீடில்லை, மரமில்லை, வெறும் வெட்டவெளியும் தண்ணீரும். சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிறது. எல்லோரும் இறங்கி நின்றோம். சேலையைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்ற குழப்பத்தில் நான் சேலையைப் பிடித்தேன். பை கவிழ்ந்தது. கேள்வித்தாள்கள் அத்தனையும் கொக்குக் கூட்டம்போல எழும்பித் தண்ணீரை நோக்கிப் போயின.

"ஐயோ, என் பிஎச்டி!" என்று கத்தினேன். பஸ்ஸில் வந்தவர்கள் பாதிப் பேர் தாள்களுக்குப் பின்னால் ஓடினார்கள். நல்ல சனம். ஒருவர் மட்டும் பிடித்த தாளைத் திருப்பித் தராமல் நின்று வாசித்தார். "தனியாக இருக்கும்போது மனதில் பயம் வருவதுண்டா?" என்று சத்தமாகப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, எனக்கு மனிசி வீட்டிலை இருக்கேக்கைதான் பயம் வருது. அதுக்கு எந்தக் கட்டத்திலை கோடு போடுறது?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தாளைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். ஈரமில்லாமல் மிஞ்சியது அந்த ஒரு தாள்தான், அதுவும் பாதி கிழிந்தது.

பருத்தித்துறையில் இறங்கியதும் மனசு விட்டுப்போய், கடையில் வடை வாங்கித் தின்றேன். இந்த ஊர் வடை எங்கள் வடை மாதிரி மெத்தென்று இருக்காது, தட்டையாக, மொறுமொறு என்று, கடித்தால் தெருவுக்கே கேட்கும். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு ஏற்ற பலகாரம். ஒரு பொட்டலத்தைத் தின்று தீர்த்தபின் தெம்பு வந்தது.

பாக்கியம் அம்மாவின் வீடு கடற்கரைத் தெருவில். கேட்டைத் திறந்தவர் என் காற்றடித்த தலையையும் கையிலிருந்த கிழிந்த தாளையும் பார்த்துவிட்டு, "எவனடி உன்னை உப்பிடி அடிச்சவன்?" என்றுதான் கேட்டார். எனக்கு அந்தக் கணமே அவரைப் பிடித்துவிட்டது. அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நறுக்கென்ற உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, மடிப்புக் கலையாத சேலை.

கூடத்தில் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது கூரை மூலையைத்தான். இருந்தது. நீலக் கண். அதற்கு நேரே ஒரு கதிரை.

சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மாவை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். லீவு முடிகிறது, ஒரு நேர்காணல்கூட உருப்படியாக இல்லை, யாரும் கேட்காமல் ஒரே ஒருவர் என்னோடு பேசாவிட்டால் என் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு. சொல்லி முடிப்பதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உதுக்கே அழுகிறீர்?" என்றார். "பொறும்."

உள்ளே போய், முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மெயின் சுவிட்சைப் பட்டென்று கீழே இறக்கினார். மின்விசிறி நின்றது. நீலக் கண் அணைந்தது.

"எங்கடை தெருவிலை எல்லாரும் உப்பிடித்தான். பொம்பிளையள் கூடி நாலு கதை கதைக்க வேணுமெண்டால் கரண்ட் போயிடும்" என்று கீழே இறங்கினார். "ஆனால் நீர் உம்மடை கேள்வியளைக் கெதியாக் கேட்டுப்போடும். கமெரா நிண்டால் அஞ்சு நிமிசத்திலை போன் அடிக்கும். 'அம்மா என்ன, அம்மா என்ன' எண்டு விசரன் மாதிரிக் கத்துவான். இண்டைக்கு ஞாயிறு, வேலையும் இல்லை, வீட்டிலைதான் நிப்பான்."

போனை எடுத்து மேசையில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

நான் எக்ஸ்பிரஸ் வேகத்தில் கேட்டேன். முழுத் தாள் இல்லை, நினைவில் இருந்ததைக் கேட்டேன். அவரும் அதே வேகத்தில் சொன்னார். "ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க எனக்குத் தெரியாது பிள்ளை. எங்கடை அடுப்பிலை எப்பவும் பத்துப் பேருக்குத்தான் கொதிச்சது. சந்தையிலை ஒரு மீன் வாங்கினால் ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கினம். அதுக்காண்டி நாலு வாங்கி மூண்டைப் பூனைக்குப் போடுறன். பூனை கொழுத்துப்போச்சு, பாத்தீரே?" பூனை ஜன்னலில் படுத்திருந்தது, தலையணை அளவில்.

கடவுளே, போன் அடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் வேண்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. ஐந்து நிமிஷம் போனது. என் அதிர்ஷ்டத்தை என்னால் நம்ப முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கணவர் படகில் வைத்திருந்த தெய்வப் படம் இப்போது அலுமாரிக்குள் இருப்பது, காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் போர்த்துக்கொண்டு படுப்பது, நல்லநாளில் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து கோயிலுக்குப் போய்விடுவது. எந்தப் போனிலும், எந்தப் பிள்ளை முன்னாலும் ஒரு தாய் சொல்லாத பேச்சு. கைடு சொன்னது சரிதான். அவர் மேல் எனக்கு முதன்முறையாக மதிப்பு வந்தது.

"முந்தி ஒரு நாளைக்கு எத்தினை தரம் கதைப்பான்" என்றார் பாக்கியம் அம்மா. "அம்மா, உந்த முக்காலியை ஏன் அங்கை வைச்சனீங்கள், விழப்போறியள் எண்டுவான். நான் ஏச, அவன் ஏச, நல்ல சண்டை பிடிப்பம். அவன் பாக்கிறான் எண்டுதானே காலமை எழும்பினதும் தலை இழுத்து, நல்ல சேலையா உடுக்கிறன்."

"இப்பவும் பேசுவாரா?"

"இப்ப கொஞ்சம் சோலியாக்கும்" என்று போனைப் பார்த்தார்.

காஸ் அடுப்பில் பால் இல்லாத பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்தோம். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று. பேச்சு மெல்லக் குறைந்தது. அவர் போனை எடுத்துச் சத்தம் கூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்து, முந்தானையால் துடைத்து வைத்தார். காற்றில்லாமல் புழுங்கியது. இரண்டு பேருக்கும் வேர்த்து வழிந்தது. சுவிட்சைப் போடலாமே என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எதை வேண்டிக்கொண்டிருக்கிறேன்? அடித்தால் என் நேர்காணல் கெட்டுப்போகும், கைடு ஒத்துக்கொள்ளமாட்டார், பதிவு போகும், வேலை போகும். போகட்டும். அடித்துத் தொலையேன்டா பாவி என்று அந்தப் போனைப் பார்த்து மனசுக்குள் கெஞ்ச ஆரம்பித்தேன். "அம்மா என்ன" என்று ஒரு தடவை விசரன் மாதிரிக் கத்தித்தான் தொலையேன்.

வெயில் தாழ்ந்து ஜன்னல் பக்கம் வந்தது. பூனை எழுந்து போனது. போன் அடிக்கவில்லை.

"இதையெல்லாம் நான் எழுதலாமாம்மா?" என்று கடைசியில் கேட்டேன்.

"உம்மடை புத்தகத்தை எத்தினை பேர் வாசிப்பினம்?"

"மூணு பேர். அதுல ஒருத்தர் என் கைடு."

"அப்ப எழுதும்" என்று சிரித்தார். "அவன் எங்கை வாசிக்கப்போறான்."

எழுதினேன். கைடு அந்தப் பக்கத்தின் ஓரத்தில், என் வாழ்நாளில் முதல்முறையாக, நன்று என்று குறித்து அனுப்பினார். பதிவு பிழைத்தது. அதெல்லாம் பிற்பாடு.

அன்று கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தேன். அம்மாவும் எழுந்தார். நான் போடுகிறேன் என்றாலும் கேட்காமல் அவரே முக்காலியில் ஏறி மெயினை மேலே தட்டினார். மின்விசிறி சுற்றியது. கூரை மூலையில் சிவப்பு சிமிட்டி, பிறகு நீலம் வந்தது. அவர் இறங்கி, வேர்வையைத் துடைத்து, தண்ணீர் தொட்டுத் தலைமுடியைப் படிய வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு கேமராவுக்கு நேரே இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, கரண்ட் போயிட்டுது. இப்பதான் வந்தது. நீ பயந்திருப்பாய். எனக்கு ஒண்டுமில்லை, யோசியாதை" என்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, நீரும் ஒருக்காச் சொல்லும். நான் சொன்னால் அவன் நம்பமாட்டான்" என்றார்.

நான் அவர் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது என்று வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"ஆமா தம்பி, தெரு பூரா கரண்ட் இல்ல" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். காது கேளாதவரிடம் பேசுவதுபோல என் குரல் தானாக உயர்ந்தது. "அம்மா நல்லா இருக்காங்க. நீங்க ஒரு போன் மட்டும் போடுங்க தம்பி."

பாக்கியம் அம்மா என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த பஸ்ஸை நான் விட்டுவிட்டேன்.